கட்டாயமும் தானமும்

இலங்கையில் ரம்புக்கனையைத் தாண்டியதும் ரயில் கடுகண்ணாவை மலையில் ஏறத் தொடங்குகிறது. அதே மலையில் 1820களில் கண்டி வீதியை வெட்டியவை ராஜகாரியம் என்ற கட்டாய அரச ஊழியத்தில் பிடித்துவரப்பட்ட கைகள். ராஜகாரியம் 1832இல் ஒழிந்தது; 1848 வீதிச் சட்டமோ ஆண்டுக்கு ஆறு நாள் வேலை, இல்லையேல் மூன்று ஷில்லிங் என்று கேட்டது. அவ்வாண்டு மாத்தளைக் கலகத்துக்கு அதுவும் ஒரு காரணம். 1958இல் ஆசிரியர் ஏ.டி. ஆரியரத்ன தம் மாணவர்களோடு கனதொலுவைக் கிராமத்தில் சிரமதானம், அதாவது உழைப்புத் தானம், செய்தபோது மண்வெட்டி அதேதான். அதைப் பிடித்த கைதான் இம்முறை விரும்பி வந்தது.

அப்படி விரும்பி வரும் தொண்டரை இன்று அரச அலுவலகங்களில் சேர்ப்பது இலவச உழைப்பைச் சுரண்டும் வழி என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது, இம்மலையே சாட்சி. ஆனால் வராதவருக்குத் தண்டமில்லை, சம்பளக்காரரின் வேலை பறிபோகாது என்ற இரண்டும் உறுதியானால் கதவை ஏன் அடைக்க வேண்டும்? சிங்களப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்தில் நிற்கும் தோட்டத்துப் பெண்ணுக்கு, அதைத் தமிழில் வாசித்துச் சொல்ல ஓர் ஆள் போதும்.