ஓநாய் போன பிறகு வந்த ஓநாய் வேட்டைநாய்

1652 ஏப்ரலில் அயர்லாந்தின் கில்கென்னியிலிருந்து ஓர் அரசாணை வெளியானது. ஓநாய் வேட்டைக்கான பெரிய நாய்களை இனி யாரும் நாட்டைவிட்டுக் கொண்டுபோகக் கூடாது. இங்கிலாந்தின் குரோம்வெல் படை அயர்லாந்தைத் துவைத்துப் போட்டிருந்த நேரம் அது. பாழான ஊர்களைச் சுற்றி ஓநாய்கள் பெருகிவிட்டன. அவற்றை மடக்கவேண்டிய நாய்களோ கப்பலேறிக்கொண்டிருந்தன. ஐரோப்பிய அரண்மனைகளில் ஐரிஷ் நாய் என்றால் ராஜ பரிசு. ரோமாபுரியிலேயே அந்த மோகம் இருந்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் சிம்மாக்கஸ் என்ற ரோமப் பிரபு, தனக்கு வந்த ஏழு ஐரிஷ் நாய்களை ஊரே வாய்பிளந்து பார்த்ததாகக் கடிதம் எழுதியிருக்கிறார்.

ஏற்றுமதித் தடைக்கு அடுத்த ஆண்டே ஓநாய்த் தலைக்கு விலை வைத்தார்கள்: பெண் ஓநாய்க்கு 6 பவுண்டு, ஆணுக்கு 5. 1786இல் கார்லோ பகுதியில் கடைசி ஓநாய் கொல்லப்பட்டது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஓநாய் ஒழிந்தது, நாய்க்கு வேலையும் ஒழிந்தது. வேலையில்லாத ராட்சத நாய்க்கு யார் தீனி போடுவார்கள்? பணக்காரர் மாளிகைகளில் பேருக்குச் சில மிஞ்சின. அவையும் வம்சத்துக்கு வம்சம் சிறுத்துக்கொண்டே போயின.

அந்த இனத்தை மீட்கப் புறப்பட்டவர் ஐரிஷ்காரர் அல்லர். கேப்டன் ஜார்ஜ் அகஸ்டஸ் கிரஹாம், ஸ்காட்லாந்து வம்சத்தவர். குடியிருந்தது இங்கிலாந்தின் டர்ஸ்லியில். மான் வேட்டைக்கான டீர்ஹவுண்ட் நாய்களை வளர்த்துவந்தவர், 1860களில் இந்தப் பைத்தியம் பிடித்து, பழைய ரத்தம் என்று சொல்லப்பட்ட நாய்களைத் தேடித்தேடி வாங்கினார். ரத்தம் இருந்தது, உயரம் இல்லை. ஆகவே டீர்ஹவுண்டோடு சேர்த்தார். பருமனுக்கு கிரேட் டேன். ரஷ்யாவின் போர்சாயும் வந்தது. மாஸ்டிஃப் ரத்தமும் ஒரு கிளை வழியே கலந்திருக்கிறது. ஒரே ஒரு தடவை திபெத்திய நாய் ஒன்றையும் சேர்த்தார். இமயமலைச் சரக்கும் சேர்ந்துதான் அயர்லாந்தின் அடையாளம் உருவாயிற்று!

இந்தக் கலப்பை அவர் மூடி மறைக்கவில்லை. எந்த நாய்க்கு எது தகப்பன், எது தாய் என்று வரிசையாக எழுதிவைத்தார். 1885இல் ஐரிஷ் உல்ஃப்ஹவுண்ட் (ஓநாய் வேட்டைநாய்) சங்கம் தொடங்கியது. நாய் எப்படி இருக்க வேண்டும் என்ற இலக்கணமும் அப்போது பிறந்ததே. 1902இல் பிரிட்டிஷ் ராணுவத்தின் ஐரிஷ் கார்ட்ஸ் படைப்பிரிவுக்குச் சங்கம் ஒரு நாயைப் பரிசளித்தது. பிரையன் போரு என்ற பழைய அரசனின் பெயர் அதற்கு. இன்றும் அந்தப் படையின் அணிவகுப்பில் முன்னால் போவது ஒரு உல்ஃப்ஹவுண்ட்தான்.

மீட்டார் என்பதைவிட, கிரஹாம் பழைய பெயரில் புதிதாக ஒன்றைச் செய்தார் என்பேன். இந்த நாயைச் சுற்றியுள்ள பழமையில் இப்படிப் பின்னால் ஒட்டவைத்தது நிறைய. வேல்ஸில் பெட்கெலர்ட் என்ற ஊரில் உல்ஃப்ஹவுண்ட் என்று சொல்லப்படும் கெலர்ட் என்னும் நாயின் சமாதி உண்டு. தொட்டிலருகே ரத்தவாயோடு நின்ற நாயை இளவரசன் லெவெலின் வெட்டிப்போட்டான். பிறகுதான் குழந்தை உயிரோடிருப்பதையும் செத்துக் கிடந்த ஓநாயையும் கண்டான். நமக்கு இது கீரிப்பிள்ளை கதை. கீரியைக் கொன்ற பார்ப்பனிக்குக் கோவலன் உதவியதைச் சிலப்பதிகாரமே பேசுகிறது. பெட்கெலர்ட் சமாதியோ, பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் உள்ளூர் விடுதிக்காரர் எழுப்பியது என்பதே பெரும்பாலானோர் கருத்து. வியாபாரம் தெரிந்த மனிதர்.

சரி, நாய் எப்படி? ஆண் குறைந்தது 79 செ.மீ. உயரம், 54 கிலோவுக்கு மேல் எடை. நின்ற இடத்திலிருந்தே சாப்பாட்டு மேசைத் தட்டை முகர்ந்துவிடும். முரட்டு ரோமம், கண்மேலும் தாடையிலும் கம்பிபோல் நீண்டு, கிழவர் முகம்போல் இருக்கும். சுபாவம் சாது, காவலுக்கு லாயக்கில்லை, உருவத்தைக் கண்டு திருடன் ஓடினால் உண்டு. ஆனால் எதிரே பூனை ஓடினால் கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டைநாயின் புத்தி விழித்துக்கொள்ளும்.

அரைக் கிலோவில் பிறக்கும் குட்டி ஆறு மாதத்தில் 45 கிலோவைத் தொடக்கூடும். எலும்புக்கு இது பெரும் சோதனை. அந்தப் பருவத்தில் மாடிப்படி ஏற்றக் கூடாது, நெடுந்தூரம் ஓட்டக் கூடாது, சீக்கிரம் வளரட்டும் என்று கால்சியம் திணிக்கக் கூடாது. கட்டாந்தரையில் படுத்தால் முழங்கை காய்த்துப் புண்ணாகும். தடித்த மெத்தை வேண்டும். வயிறு முட்டத் தின்றதும் ஓடவிட்டால் ஆபத்து. வயிறு உப்பி முறுக்கிக்கொண்டால் கைவசம் சில மணி நேரமே இருக்கும். உடலில் கொழுப்பு குறைவென்பதால் மயக்க மருந்தை மருத்துவர் கவனமாக அளந்து கொடுக்க வேண்டும். இதயத் தசை தளரும் நோய் இந்த இனத்தில் சகஜம். ஆண்டுக்கொரு முறை இதயப் பரிசோதனை அவசியம். எலும்புப் புற்றுநோயும் அதிகமாய்ப் பிடிக்கிறது. சராசரி ஆயுள் ஏழு வயதை ஒட்டித்தான்.

ஆண் நாய்களின் சராசரி உயரம் 81 முதல் 86 செ.மீ. வரை நிலைக்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் வைத்த குறிக்கோள் இலக்கணத்தில் இன்னும் இருக்கிறது. ஓநாயின் மேல் பாய உயரம் வேண்டும். சோபாவில் சாய்ந்துகிடக்க எதற்கு? குட்டி வாங்கப் போகிறவர், தகப்பன் எவ்வளவு உயரம் என்று விசாரிப்பதைவிட, தாத்தாவும் பாட்டியும் எத்தனை வயதில், எதனால் செத்தன என்று கேட்பதே மேல்.