முதல் ஐந்தொகை

தேவகோட்டையில் ஒரு கடையின் நிலைமையை அறிய விரும்பியவர் கையிருப்பை எண்ணிப் பார்க்கவில்லை, ஐந்தொகையைக் கேட்டார். கொடுக்க வேண்டியதும் வர வேண்டியதும் அதில்தான் தெரியும். விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சர் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் பணியையும் அப்படியே எடைபோடலாம். அவர் தேவகோட்டை வணிகர்களைப் போல் நகரத்தார் அல்லர், கோயம்புத்தூர்க்காரர். நீதிக்கட்சிக்காரர், கொச்சித் திவானாக இருந்தவர், 1944இல் பிரெட்டன் உட்ஸ் மாநாட்டில் கலந்துகொண்டவர். காங்கிரசில் இல்லாத அவரை நம்பித்தான் நேரு கருவூலத்தை ஒப்படைத்தார்.

1947 நவம்பர் 26 அன்று அவர் படித்த வரவு செலவுத் திட்டம் ஏழரை மாதத்துக்கானது. வரவு 171.15 கோடி ரூபாய், செலவு 197.39 கோடி, துண்டு 26.24 கோடி. செலவில் ஏறக்குறையப் பாதி பாதுகாப்புக்கே போயிற்று. அகதிகளும் உணவுப் பஞ்சமும் மீதியைப் பங்குகேட்டன. பாகம் பிரிந்த வீட்டின் முதல் கணக்கு அது.

கொடுக்க வேண்டியதில் பெரியது பிரிவினையில் பாகிஸ்தானுக்குச் சேர வேண்டிய பங்கு. 75 கோடியில் 20 கோடி கொடுத்தாகிவிட்டது. காஷ்மீர்ச் சண்டையைக் காட்டி மீதி 55 கோடியை அமைச்சரவை நிறுத்திவைத்தது. 1948 ஜனவரி 13 அன்று காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 15ஆம் தேதி பணத்தை விடுவிக்க அரசு இசைந்தது.

வர வேண்டியதில் பெரியது இங்கிலாந்தின் போர்க்காலப் பாக்கி. 100 கோடிப் பவுனுக்கும் மேல். முடங்கிய பாக்கியின் வலி தேவகோட்டைக்குப் புதிதன்று. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்பங்கு நிலம் நகரத்தார் கையில் இருந்தும், 1942இல் ஜப்பானியர் வந்தபோது பலர் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். சண்முகம் செட்டியார் 1948இல் இலண்டன் சென்று பேசித் தவணை தவணையாகப் பணம் விடுபட வழிசெய்தார்.

உண்டியல் என்னும் குறுகிய காலக் கடன்சீட்டு வணிகத்துக்குப் போதும். ஆலைக்கு நெடுநாள் கடன் வேண்டும். அதற்கான இந்தியத் தொழில் நிதிக் கழகம் 1948 ஜூலை 1 அன்று அவர் காலத்தில்தான் தொடங்கியது.

அடுத்த மாதமே அவர் பதவி முடிந்தது. வருமானவரி விசாரணைக்கு உரியோர் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டதால் சர்ச்சை எழ, அவர் விலகினார். நாட்டின் முதல் கணக்கை எழுதியவர், தம் பொறுப்பில் நேர்ந்ததைத் தம் பேரிலேயே பற்று எழுதிக்கொண்டார்.