குன்னத்துச் சாலையில் ஹைப்ரிட்டும் மின்காரும்: நம்பகத்தன்மையும் உடைமைச் செலவும்

எந்தக் கார் அதிகம் பழுதாகும் என்ற கேள்விக்கு இரண்டு பெரிய கணக்கெடுப்புகள் நேரெதிரான விடை தருகின்றன. அமெரிக்காவின் நுகர்வோர் அமைப்பான கன்சூமர் ரிப்போர்ட்ஸ் 2023இல் வெளியிட்ட கணக்கின்படி, பெட்ரோல் கார்களைவிட ஹைப்ரிட்டில் பிரச்சினைகள் 26 விழுக்காடு குறைவு. மின்காரில் 79 விழுக்காடு அதிகம். ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான அடாக் 2025இல் சொன்னது வேறு: 2020 முதல் 2022 வரை பதிவான வண்டிகளில், வழியில் நின்றுபோன மின்கார்கள் ஆயிரத்துக்கு 4.2, எஞ்சின் கார்கள் 10.4.

இரண்டும் எண்ணிய பொருள் வேறு. முன்னது திரைக் கோளாறு, கதவுக் கோளாறு உட்பட உரிமையாளர் சொன்ன குறைகளையெல்லாம் சேர்க்கிறது. பின்னது உதவி வண்டியை அழைக்க நேர்ந்த நிகழ்வுகளை மட்டும் பார்க்கிறது. அவற்றிலும் முதல் காரணம், இருவகைக் கார்களிலும், 12 வோல்ட் சிறு பேட்டரி. அதை எந்த ஊர் பேட்டரிக் கடையிலும் மாற்றிவிடலாம். பெரம்பலூர் மாவட்டம் குன்னம் வட்டத்தில் கார் வைத்திருப்பவருக்கு அடாக்கின் அளவுகோலே பொருத்தம். பெரம்பலூர் நகருக்கே ரயில் இல்லாத நிலையில், நோயாளியோடு திருச்சிக்குப் புறப்பட்ட வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது. திரை உறைந்தால் போகட்டும். ஆனால் இரண்டு கணக்கிலும் வராத ஒன்று இங்கே முக்கியம்: நின்ற வண்டி மறுபடி ஓட எத்தனை நாள் ஆகும்?

ஹைப்ரிட் என்றால் "பேட்டரி போனாலும் பெட்ரோலில் வந்துவிடலாம்" என்று பலர் நம்புகிறார்கள். டொயோட்டா முறை ஹைப்ரிட்களில் அது சரியல்ல. அவற்றில் தனி ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. உயர் மின்னழுத்த பேட்டரிதான் எஞ்சினைக் கிளப்புகிறது. அது செத்தால் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் வண்டி அசையாது. மேலும் அந்த பேட்டரி காற்றால் குளிர்விக்கப்படுவது. காற்று புகும் வழியில் உள்ள வடிகட்டி தூசியால் அடைபட்டால் சூடேறும். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரிகள் கிளப்பும் புழுதியை அறிந்தவர் இந்த வடிகட்டியைச் சர்வீஸ் தோறும் கேட்டுச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். ஆயில் மாற்றவும் பிரேக் பார்க்கவும் ஊர் மெக்கானிக் போதும். ஆனால் இருவகை வண்டியிலும் உயர் மின்னழுத்தப் பகுதியைத் திறக்கப் பயிற்சி பெற்றவர்தான் வேண்டும். ஆக, பழுதுபார்ப்பில் ஹைப்ரிட்டுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் கிராமப்புறச் சாதகம் பாதிதான் உண்மை.

வெயில் மின்காருக்குப் பகை என்பதில் ஐயமில்லை. காற்றால் மட்டும் குளிர்ந்த தொடக்ககால நிசான் லீஃப் கார்கள் அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் விரைவாகக் கொள்திறன் இழந்து வழக்குவரை போயின. இன்றைய மின்கார்கள் பலவற்றில் திரவக் குளிரூட்டல் உண்டு. வாகனத் தரவுகளைத் திரட்டும் ஜியோடாப் நிறுவனம் 2024இல் கணக்கிட்ட சராசரி பேட்டரித் தேய்மானம் ஆண்டுக்கு 1.8 விழுக்காடு. பேட்டரி பழுதானால் ஆகும் செலவில்தான் பெரும் வேறுபாடு. டொயோட்டா ஹைரைடர் ஹைப்ரிட்டின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. பெரிய பேட்டரி கொண்ட நெக்ஸான் மின்காரில் 45. ஏறத்தாழ 60 மடங்கு. இருவகைக் கார்களிலும் பேட்டரிக்கு வழக்கமான உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர். வீட்டு வண்டிக்கு இது தாராளம். நாளுக்கு 150 கிலோமீட்டர் ஓடும் டி-போர்டு வாடகை வண்டியோ நான்காண்டுக்குள் அதைக் கடந்துவிடும்.

செலவைப் பேசுவோர் பெட்ரோலில் தொடங்குகிறார்கள். தமிழ்நாட்டில் கணக்கு அதற்கு முன்பே, வண்டியைப் பதிவு செய்யும் இடத்தில் தொடங்குகிறது. 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு ஆயுள்கால வரி 18 விழுக்காடு. 17 லட்ச ரூபாய் ஹைப்ரிட்டுக்கு 3.06 லட்சம். மின்கார்களுக்கு 2025 இறுதி வரை முழு விலக்கு இருந்தது. வாங்குமுன் அன்றைய ஆணையைப் பார்த்துக்கொள்வது நல்லது. ஜி.எஸ்.டி.யும் அப்படியே: 2025 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் பெரிய ஹைப்ரிட்டுக்கு 40, மின்காருக்கு 5 விழுக்காடு. உத்தரப் பிரதேசம் 2024இல் ஹைப்ரிட்டுக்கும் பதிவு வரியை விலக்கியது. தமிழகம் அவ்வழி போகவில்லை. லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்பது ஹைரைடர் ஹைப்ரிட்டுக்கு அறிவிக்கப்பட்ட மைலேஜ். சாலையில் 20 என்று கொண்டால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் ஆகிறது. அந்த 3.06 லட்சத்தில் 61,000 கிலோமீட்டர் பெட்ரோல் போட்டு ஓட்டியிருக்கலாம்!

வீட்டு மின்சாரத்திலும் ஒரு பொறி உண்டு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் மேல் யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல். 1,000 தாண்டினால் பதினொன்றுக்கு மேல். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுபவர் இரு மாதத்தில் சுமார் 330 யூனிட் கூடுதலாக எரிப்பார். ஆயினும் யூனிட்டுக்கு ஆறு கிலோமீட்டர் என்று வைத்தால் கிலோமீட்டர் செலவு இரண்டு ரூபாய்க்குள் அடங்குகிறது. நெடுஞ்சாலை விரைவு சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய் என்றால் அது மூன்றரையை நெருங்கும். (இலவச விவசாய இணைப்பில் வண்டியைச் செருகும் ஆசை யாருக்கும் வரலாம், அது மின்சாரச் சட்டப்படி முறைகேடான பயன்பாடு, தண்டம் உண்டு.) 15 ஆம்பியர் பிளக்கில் எட்டு மணி நேரம் போட்டால் ஏறத்தாழ 150 கிலோமீட்டருக்கு வரும், திருச்சி போய்வரச் சரியாக இருக்கும். மின்னழுத்தம் தாழும் தெருக்களில் நேரம் கூடும்.

ஆகவே, சொந்த வீடும் இரவில் செருக இடமும் இருந்து, ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டருக்கு மேல் திருச்சி எல்லைக்குள் ஓடும் வண்டிக்கு மின்காரே ஏற்றது. வாராவாரம் சென்னை போகிறவர் ஹைப்ரிட் எடுக்கலாம், வரியைத் தெரிந்தே கட்டிவிட்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் குடும்பத்துக்கு இரண்டும் வேண்டாம். சிறிய பெட்ரோல் கார் போதும்.