வலைக்கண்ணின் அளவும் வடிவும்: இங்கிலாந்தின் இழுவை வலைக் கட்டுப்பாடுகள் (1376–1980கள்)

1376ஆம் ஆண்டு, மூன்றாம் எட்வர்டு மன்னரின் ஆட்சியில், இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் மீனவர் முறையீடு ஒன்று வைக்கப்பட்டது. ஆவணங்களில் பலவாறு எழுதப்படும் ‘வொண்டிரசோன்’ என்னும் கருவி ஏழாண்டுகளாகப் புழங்குகிறது. அதன் வலைக்கண் நெருக்கமாதலின் உட்புகுந்த எச்சிறு மீனும் தப்புவதில்லை. அதன் இரும்புச் சட்டம் கடலடிச் செடிகளையும் சிப்பிக் குஞ்சுகளையும் அழிக்கிறது. மிகுதியாகப் பிடிபடும் குஞ்சு மீன்கள் பன்றிகளுக்குத் தீனியாகின்றன என்பன அதன் சாரம். தொடர்ந்து நடந்த விசாரணை கருவியை அளந்தது: நீளம் மூன்று பாகம், அகலம் பத்தடி, வலைக்கண் இரு பெருவிரல் அளவு.

வலைக்கண்ணை அளவால் மட்டுமே மதிப்பிடும் நோக்கு இவ்விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது. இடையில், ஹக்ஸ்லி இடம்பெற்ற அரச ஆணையம் 1866இல் கட்டுப்பாடுகளை நீக்கப் பரிந்துரைத்தது. 1868ஆம் ஆண்டுச் சட்டம் பலவற்றை நீக்கியது. நீராவிப் படகுகள் பெருகி, வடகடலின் மீன்வளம் குன்றிய பின்னர் 1933ஆம் ஆண்டுச் சட்டமும் 1946ஆம் ஆண்டு இலண்டன் உடன்படிக்கையும் குறைந்தபட்ச வலைக்கண் அளவுக்கே மீண்டன.

ஆயினும் அளவுகோல் காட்டுவது தளத்தில் கிடக்கும் வலையின் கண்ணை. கடலடியில் இழுக்கப்படும்போது மடியில் சேரும் மீனின் பாரம் சாய்சதுரக் கண்களை நீளவாக்கில் இழுத்து மூடிவிடுகிறது; மீன்திரளுக்குச் சற்று முன்னுள்ள சில வரிசைகளே திறந்திருக்கும். சட்டப்படியான வலையும் குஞ்சு மீனை வாரியது இதனாலேயே. மடிக்கு மேல் இன்னொரு வலையைப் போர்த்திக் கண்ணைச் சுருக்கியோரும் உண்டு என்பது மெய். எனினும் குஞ்சு மீன் பிடிப்பு முழுவதையும் மீனவரின் பேராசைக்கு ஏற்றிச் சொல்லும் வழக்கமான விளக்கம் இப்பொறியியலைக் கருதாதது.

1980களில் அபர்டீன் கடல்சார் ஆய்வகத்தார் அதே வலைத்துணியைத் திருப்பி வைத்துச் சதுரக் கண் மடியைச் சோதித்தனர். இழுக்கும் திசைக்கு இணையான நூல்கள் பாரத்தைத் தாங்க, கண் திறந்தே நின்றது. ஹேடாக், வைட்டிங் போன்ற உருண்ட உடல் மீன்களின் குஞ்சுகள் கூடுதலாகத் தப்பின. தட்டை மீன்களின் உடலுக்கோ சாய்சதுரக் கண்ணே ஏற்றது. இரு வகையும் கலந்து வாழும் தளத்தில் எந்த மடியை விதிப்பது என்னும் சிக்கல், அளவை மட்டும் பேசிய சட்டங்களுக்கு எழுந்ததேயில்லை.