எறியப்போன சீகல்

அப்பா ஒருநாள் கார் டிக்கியிலிருந்து துருப்பிடித்த ஒரு சாமானை இறக்கினார். நீண்ட குழாய், மேலே ஒரு சக்கரம், கீழே புரொப்பெல்லர். பெற்றோல் தாங்கியில் மங்கிய எழுத்து: பிரிட்டிஷ் சீகல். பக்கத்து வீட்டுத் தாத்தா குப்பைக்குக் கொண்டுபோக வைத்திருந்ததாம்.

"எறியிற சாமானே இது?" என்றார் அப்பா. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராதபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர் அவர். அவரிடம் வாதாட முடியாது.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. 1996இல் உற்பத்தி நின்றுபோன எஞ்சினுக்கு எங்கே போய் உதிரிப்பாகம் தேடுவது? தேடியபோதுதான் இதன் வரலாறு தெரியவந்தது.

சீகல் 1931இல் இங்கிலாந்தின் வூல்வர்ஹாம்ப்டன் நகரில் பிறந்தது. சன்பீம் சைக்கிள் செய்த ஜோன் மார்ஸ்டன் கம்பனிதான் அதையும் செய்தது. பிறகு ஜோன் வே-ஹோப், பில் பினிஜர் என்ற இருவர் அதைத் தென்கரையிலுள்ள பூல் என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியக் கடற்படைக்கு எளிய, முரட்டுத்தனமான படகு எஞ்சின் தேவைப்பட்டது. பத்தாயிரத்துக்கு மேல் செய்து கொடுத்தார்கள்.

போர் முடிந்தது, எஞ்சின் மாறவில்லை. மூடி கிடையாது. மேலே உள்ள சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்துத்தான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். பல மொடல்களில் கிளட்ச் கூட இல்லை. ஸ்டார்ட் ஆன கணமே படகு ஓடத் தொடங்கிவிடும்! ஜப்பானிய எஞ்சின்கள் சத்தமில்லாமல், புகையில்லாமல் வந்தபோதும் சீகல் பழையபடியே இருந்தது. கம்பனி விழுந்ததற்கு அந்தப் பிடிவாதம் ஒரு பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

ஆனால் அதே பிடிவாதம்தான் எங்களைக் காப்பாற்றியது. பல வருடங்களாக வடிவம் அதிகம் மாறாததால், ஒரு சீகலின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்துவது சாதாரணம். உடைந்த ஒன்றிலிருந்து கழற்றி எடுக்கலாம். இங்கிலாந்தில் சில சிறிய கடைகள் இன்னும் புதிதாகவே விற்கின்றன. பழைய சீகல்களின் கார்புரேட்டரும் மக்னீற்றோவும் வில்லியர்ஸ் கம்பனியுடையவை. அதுவும் ஜோன் மார்ஸ்டன் தொடங்கியதுதான். வில்லியர்ஸ் மோட்டார் சைக்கிளுக்கும் புல்வெட்டும் மெசினுக்கும் சாமான் செய்ததால், பழைய மோட்டார் சைக்கிள் சந்தைகளிலும் தேடிப் பார்க்கலாம்.

கடைக்காரர் முதலில் கேட்பது எஞ்சினில் அடித்திருக்கும் எண்ணைத்தான். நாங்கள் பழைய பல்துலக்கியால் அழுக்கைத் தேய்த்த பிறகுதான் அது தெரிந்தது. முன்னால் உள்ள எழுத்துகள் மொடலைச் சொல்லும். பிந்திய எஞ்சின்களில் கடைசி எழுத்து மாதத்தையும் கடைசி இலக்கம் ஆண்டையும் காட்டும். எங்களுடையது 1960களில் பிறந்தது. எண்ணைப் பார்க்காமல் அவசரப்பட்டு நான் வாங்கிய கார்புரேட்டர் ஊசி இன்னும் மேசை லாச்சியில் கிடக்கிறது. அதற்குச் செலவானது என் கைக்காசு.

எண் இன்னொன்றையும் காப்பாற்றுகிறது. பழைய சீகலுக்குப் பத்துப் பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் கலக்க வேண்டும். பிந்தியவற்றுக்கு இருபத்தைந்துக்கு ஒன்று போதும். உள்ளே இருப்பவை சாதாரண வெண்கல பெயாரிங்குகள். இன்றைய எஞ்சினைப்போல ஐம்பதுக்கு ஒன்று கலந்தால் அவை காய்ந்து தேய்ந்துவிடும். அந்த ஒயிலில் ஒரு பகுதி தண்ணீரில்தான் போய்ச் சேர்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குத் தடை உள்ள ஏரிகளும் இருக்கின்றன. நாங்களும் வருடத்தில் ஒன்றிரண்டு நாள் மட்டும் ஓட்டுவதாகப் பேசியிருக்கிறோம்.

எங்களுக்குத் தேவைப்பட்டவை மூன்று: மக்னீற்றோவின் கண்டென்சர், ஒரு பிளக், புரொப்பெல்லர் ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்தான் எனக்கு மிகவும் பிடித்த பாகம். எஞ்சினின் சக்தி அதன் வழியாகத்தான் புரொப்பெல்லருக்குப் போகிறது. கல்லில் அடிபட்டால் ஸ்பிரிங் அந்த அடியை வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் பல்சக்கரம் தப்பிவிடும்.

பார்சல் வந்த சனிக்கிழமை, பின்வளவில் தண்ணீர் நிரப்பிய பீப்பாயில் எஞ்சினை மாட்டினோம். ஐந்து தரம் இழுத்தும் ஒன்றுமில்லை. ஆறாவது தரம் ஒரு வெடிச்சத்தம், பிறகு நீலப் புகை. வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுத் தாத்தாவின் தலை தெரிந்தது. சத்தத்தைக் கேட்டே அது எது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.