பழைய லோடு வண்டியில் பிரேக் மிதி தாழ்கிறதா? கண்டறியும் முறைகள்

கீரை, காய்கறி, வாழை இலை, பூ போன்றவற்றைச் சொந்த லோடு வண்டியில் ஏற்றி, விடியற்காலையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதிகளுக்குக் கொண்டு வரும் விவசாயிகள் உண்டு. ஊருக்குள் காலி வண்டியாக ஓட்டும்போது தெரியாத பிரேக் குறை, முழு பாரத்துடன் கத்திப்பாரா மேம்பாலத்தில் இறங்கும்போது தெரியவரும். மிதி தாழ்ந்தால் இரண்டு, மூன்று முறை மிதித்துச் சமாளிப்பது ஆபத்து. கோளாறு எங்கே என்பதை மிதியை வைத்தே பெரும்பாலும் கண்டுபிடிக்கலாம்.

மிதியைச் சோதிக்கும் முறை

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கவும். இன்ஜினை ஓடவிட்டு மிதித்துப் பார்க்கவும்.

* பலமுறை மிதித்ததும் மேலே வந்து கெட்டியாக நின்றால், பின்சக்கர டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி அதிகமாகியிருக்கலாம். லைனர் தேய்ந்திருந்தால் மாற்றவும். நன்றாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்தால் போதும்.
* பஞ்சு போல் அமுங்கினால், பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம்.
* அரை நிமிடம் அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல இறங்கிக்கொண்டே போனால், எங்கோ கசிவு உள்ளது. வெளியே ஈரம் இல்லை, ஆயிலும் குறையவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் கப் தேய்ந்திருக்கலாம்.
* மிதி கல் போல் இறுகி, பிரேக் பிடிக்காவிட்டால் வேக்குவம் பூஸ்டரையும் அதன் ஹோஸையும் பார்க்க வேண்டும்.

பிரேக் ஆயில்

மட்டம் குறைந்தால் ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடக் கூடாது. நான்கு சக்கரங்களின் உட்புறத்திலும் ஹோஸ்களிலும் ஈரம் உள்ளதா என்று பார்க்கவும். ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். மூடியில் குறிப்பிட்டுள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலையே ஊற்றவும். அவசரத்துக்கு டிராக்டர் ஹைட்ராலிக் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஊற்றினால் ரப்பர் பாகங்கள் உப்பி, பிரேக் முழுவதும் கெட்டுவிடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேர்ந்த ஆயில், தொடர்ந்து பிரேக் பிடித்துச் சூடேறும்போது கொதித்து ஆவியாகும். அப்போது மிதி திடீரென்று தாழும். எனவே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றவும். திறந்து நாள்பட்ட பாட்டில் ஆயில் வேண்டாம்.

காற்று எடுக்கும்போது பெரும்பாலான வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள பின்சக்கரத்தில் தொடங்க வேண்டும். வெளியே வந்த ஆயிலை மீண்டும் ஊற்றக் கூடாது.

உதிரி பாகங்கள்

ஜி.பி. சாலை, புதுப்பேட்டை கடைகளில் பழைய வண்டிகளுக்கும் பாகங்கள் கிடைக்கும். கதவு, பம்பர் போன்றவற்றைப் பழையதாக வாங்கலாம். மாஸ்டர் சிலிண்டர், ரப்பர் கப், ஹோஸ், ஷூ ஆகியவற்றைப் புதிதாகவே வாங்கவும்.

மழைக்காலத்தில்

தி.நகர் துரைசாமி சுரங்கப்பாதை போன்ற இடங்களில் நீர் தேங்கினால் சுற்றிச் செல்வது நல்லது. டிரம் நனைந்துவிட்டால், மெதுவாக ஓட்டியபடி லேசாகப் பலமுறை பிரேக் பிடித்து உலர்த்தவும்.

ஓடும்போது மிதி தரையைத் தொட்டால், விட்டுவிட்டு வேகமாக மிதிக்கவும். படிப்படியாகக் கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுத்து ஓரம் கட்டவும். பிறகு சந்தைக்கு நேரமாகிறது என்று அதே வண்டியை ஓட்டாமல், சரக்கை வேறு வண்டிக்கு மாற்றி அனுப்பவும்.