சந்தீப்பின் கூற்றும் தாகூரின் குரலும்: ‘கரே பாயிரே’ நாவலின் முதல் வாசகர்கள்

கதைசொல்லியின் சொல்லை நூலாசிரியரின் சொல்லாகக் கொள்ளுதல் பிழை என்பது இன்றைய திறனாய்வின் பாலபாடம். ‘நம்பத்தகாத கதைசொல்லி’ என்னும் கருத்தாக்கத்தை வேய்ன் பூத் 1961-இல் வெளியிட்ட நூலில் வகுத்துரைத்தார். அதற்கு நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே கல்கத்தாவில் இச்சிக்கல் ஒரு பூசலாக எழுந்தது. இரவீந்திரநாத தாகூரின் ‘கரே பாயிரே’ (வீடும் வெளியும்) அதற்குக் களமாயிற்று.

பிரமத சௌதுரி நடத்திய ‘சபுஜ் பத்ர’ இதழில் 1915, 1916 ஆகிய ஆண்டுகளில் தொடராக வந்த இந்நாவலில் ஆசிரியர் கூற்று என ஒன்றில்லை. ஜமீன்தார் நிகிலேஷ், அவர் மனைவி பிமலா, நண்பன் சந்தீப் ஆகிய மூவரும் மாறிமாறித் தத்தம் ‘ஆத்மகதை’யை உரைக்கின்றனர். 1905-ஆம் ஆண்டு வங்கப் பிரிவினையை ஒட்டி எழுந்த சுதேசி இயக்கமே பின்புலம். சந்தீப் தன்னை அச்சமற்ற வீரனாகக் காட்டிக்கொள்கிறான். அவனது பொருளாசையோ பிமலாவின் கூற்றில் வெளிப்படுகிறது. ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்றோடு ஒட்டி வைத்துப் பார்த்தாலன்றி உண்மை புலப்படாது.

இராவணனைத் தான் மதிப்பதாகவும், சீதையை அந்தப்புரத்தில் வைக்காது அசோகவனத்தில் வைத்த தயக்கமே அவனைக் கெடுத்தது என்றும் சந்தீப் ஓரிடத்தில் கூறுகிறான். வாசகர் பலர் கொதித்தெழுந்தனர். சீதையைத் தாகூர் இழிவுபடுத்திவிட்டார் என்பது குற்றச்சாட்டு.

இவ்வாசகர்களை முதிர்ச்சியற்றவர்கள் எனத் தள்ளிவிடுதல் எளிது. ஆனால் சீதையிடம் இராவணன் பேசும் சொற்களுக்காகக் கம்பரை எவரும் பழித்ததில்லை. வங்காளிகளுக்கும் இவ்வேறுபாடு தெரியாததன்று. பங்கிம்சந்திரரின் ‘ரஜனி’ (1877) நாவலிலும் பாத்திரங்களே கதை சொல்கின்றனர். வில்கி காலின்ஸின் முறையைப் பின்பற்றியதாகக் கூறும் பங்கிம், நாவலில் வரும் இயற்கை இகந்த செய்திகளுக்குத் தாம் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்பதையும் அம்முறையின் பயனாக முன்னுரையில் சுட்டுகிறார். அப்பொறுப்புத்துறப்பைப் பொறுத்துக்கொண்ட சமூகம் தாகூரிடம் மட்டும் சினந்தது ஏன்?

விடையை மொழியில் தேடலாம். வங்காளி தமிழைப் போன்றே இரட்டை வழக்குடைய மொழியாக இருந்தது. எழுத்துக்குரிய சாது வழக்கில் ‘கரியாச்சி’ (செய்திருக்கிறேன்) என வரும் வினைமுற்று, பேச்சை ஒட்டிய சலித வழக்கில் ‘கொரேச்சி’ எனக் குறுகும். தாகூரின் ‘கோரா’ (1910) நாவலில் எடுத்துரைப்பு சாது வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைந்தன. இது யார் குரல் என்பதை வினைமுற்றே அறிவித்துவிடும். ‘ரஜனி’யிலோ பூ விற்கும் பார்வையற்ற பெண்ணும் சாது வழக்கிலேயே பேசுகிறாள், எவரும் நாவில் வழங்காத அம்மொழியே, இது புனைவு என்று அறிவித்தது. ‘சபுஜ் பத்ர’ சலித வழக்கை எழுத்துமொழியாக்கும் நோக்குடைய இதழ். அதன் கட்டுரைகளும் அவ்வழக்கில் வந்தன. சந்தீப் பயன்படுத்தும் வினைமுற்றுகளையே கட்டுரையாசிரியர்களும் பயன்படுத்தினர். மேலும், சந்தீப் நன்றாகப் பேசுகிறான். தாகூர் அவனுக்குத் தம் நடையின் ஒளியைச் சற்றுத் தாராளமாகவே வழங்கிவிட்டார். குரல்களைப் பிரித்தறிய உதவிய இலக்கண அடையாளம் மறைந்த இடத்தில் வாசகர் தடுமாறினர் எனக் கருத இடமுண்டு.

பேசுபவன் தன் பொறுப்பை விலக்கிக்கொள்ளும் உருபுகள் மொழியில் இல்லாமல் இல்லை. தமிழில் ‘வந்தானாம்’ என ‘ஆம்’ சேர்த்தால் செய்தி பிறர்வாய்ப்பட்டதாகிறது. வங்காளியில் ‘நாகி’ என்னும் இடைச்சொல் அப்பணியைச் செய்யும். ஆயின் ஒரு முழு நாவலுக்கும் ‘ஆம்’ சேர்க்க இயலாது. சங்க அகப்பாடல்களில் இன்னார் இன்னார்க்குக் கூறியது என்னும் துறைக்குறிப்பு கற்போரை நெறிப்படுத்துகிறது. ‘கரே பாயிரே’யில் ‘சந்தீப்பின் ஆத்மகதை’ என்ற தலைப்பு மட்டுமே அத்தகைய குறிப்பு. மாதந்தோறும் துண்டுதுண்டாகப் படித்தவர்களுக்கு அது போதவில்லை.

நாவல் முடியுமுன்பே, 1915-இல், ஒரு பெண் வாசகரின் கடிதத்திற்குத் தாகூர் அதே இதழில் மறுமொழி எழுத நேர்ந்தது. 1920-இல் ‘பிரவாசி’ இதழில் மீண்டும் எழுதி, சந்தீப்பின் சொல் சந்தீப்புக்கே உரியது என விளக்கினார். ஐந்தாண்டுகளாகியும் பூசல் ஓயவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஐரோப்பாவில் மற்றொரு வகைத் திரிபு நிகழ்ந்தது. மொழிபெயர்ப்பில் நாவலைப் படித்த ஹங்கேரியத் திறனாய்வாளர் கியார்க் லூகாச் 1922-இல் எழுதிய மதிப்புரையில், சந்தீப்பைக் காந்தியடிகளின் கேலிச்சித்திரமாகக் கொண்டு தாகூரைச் சாடினார். காந்தியடிகள் ஆப்பிரிக்காவிலிருந்து தாயகம் திரும்பியதே 1915 ஜனவரியில்தான். ஒத்துழையாமை இயக்கம் தொடங்கியது 1920-இல். கல்கத்தா வாசகர் சந்தீப்பிடம் தாகூரைக் கண்டனர். கற்றறிந்த லூகாச்சோ அவனிடம் காந்தியடிகளைக் கண்டார். சந்தீப்பைச் சந்தீப்பாகவே காண்பது இருசாராருக்கும் அரிதாயிற்று.